பெயரோ அரசவை, பேச்சோ கலகம்!

நாடகக் கொட்டகை ஒன்றின் பெருமையை எதைக் கொண்டு அளப்பது? இருக்கைகளின் எண்ணிக்கையைக் கொண்டா? திரைச்சீலையின் பளபளப்பைக் கொண்டா? வாயிலிலே வந்து நிற்கும் சீமான்களின் மோட்டார் வண்டிகளைக் கொண்டா? அப்படித்தான் அளக்கிறார்கள் பலர். நாம் வேறோர் அளவுகோலை எடுத்துக்கொள்கிறோம். அந்த மேடையிலே என்ன பேசப்பட்டது? அதைப் பேசவிடாமல் தடுத்தவர் யார்? தடையைக் கண்டு பணிந்தார்களா, நிமிர்ந்து நின்றார்களா? பார்க்க வந்தவன், வீடு திரும்பும்போது நெஞ்சிலே எதைச் சுமந்து சென்றான்? இவையே நமது அளவுகோல்.

இந்த அளவுகோலுடன் லண்டன் மாநகரிலே நுழைவோமானால், விளக்கு வரிசைகள் மின்னும் வெஸ்ட் எண்டு மாளிகைகளைத் தாண்டி, ஸ்லோன் சதுக்கத்தின் ஓரத்தில் நிற்கும் ஒரு சிறு கட்டடத்தின் முன்னே நம் கால்கள் தாமாகவே நின்றுவிடும். ராயல் கோர்ட் என்பது அதன் பெயர். தமிழிலே சொன்னால் அரசவை! பெயரைக் கேட்டதும் சாமரமும் கவரியும் நினைவுக்கு வரலாம். ஆனால் அரண்மனை அதிகாரியுடன் மோதி, வழக்கு மன்றம் ஏறி, ஆங்கில நாடகத்தின் வாய்ப்பூட்டை உடைத்த போரிலே முன்னணியில் நின்றது இந்த அரசவைதான்!

சிறு கட்டடம்

சுரங்க ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், அடுத்த கட்டடமே இந்தக் கொட்டகை. செங்கல் முகப்பு, 1888ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. உள்ளே அமர்ந்திருப்போரின் காதிலே, பூமிக்கடியில் ஓடும் ரயிலின் உறுமல் அவ்வப்போது வந்து விழும். கீழ் அரங்கிலே 380 பேர் அளவுக்கு அமரலாம். மாடியில் உள்ள சிற்றரங்கிலே நூறு பேருக்கும் இடமில்லை. நம் ஊர்த் திருவிழாவிலே மணலிலே துண்டை விரித்து அமரும் கூட்டத்தில் ஒரு மூலைக்குக்கூட இது காணாது!

இதற்கு முன்னோடியாக அதே வட்டாரத்தில் 1870இல் எழுந்த கொட்டகையோ, ஒரு பிரார்த்தனைக் கூடத்தை மாற்றி அமைத்ததாகும். பிரசங்கம் கேட்டுப் பழகிய சுவர்கள் வசனம் கேட்கத் தொடங்கின. ‘நம்பு’ என்று முழங்கிய இடத்திலே ‘சிந்தி’ என்னும் குரல் பின்னாளில் எழுந்தது என்றால், பகுத்தறிவாளருக்கு அது சுவையான செய்திதானே!

ஷாவின் பாசறை

1904 முதல் 1907 வரை, கிரான்வில் பார்க்கர் என்னும் இளைஞரும் வெட்ரென் என்னும் நிர்வாகியும் இக்கொட்டகையை நடத்தினர். அந்த மூன்றாண்டுகளில் நடைபெற்ற 988 காட்சிகளில் 701 காட்சிகள் பெர்னாட் ஷாவின் நாடகங்கள்! வறுமையை ஒழிக்கப் புறப்பட்ட அறநிலையம், சாராய முதலாளியும் பீரங்கி வியாபாரியும் தரும் பணத்தை வாங்கலாமா என்று கேட்டது ‘மேஜர் பார்பரா’. மருத்துவர்களின் மமதையைக் கிழித்தது ‘டாக்டரின் சங்கடம்’. அயர்லாந்தைப் பற்றிய ஷாவின் நாடகத்தைக் காண 1905இல் மன்னர் ஏழாம் எட்வர்டு வந்தார். அவர் சிரித்த சிரிப்பிலே நாற்காலியே முறிந்தது என்பார்கள். மன்னரின் ஆசனம் ஆட்டம் காண, நாடகாசிரியனின் பேனா போதும் போலும்!

ஷாவின் பெயர் நமக்குப் புதியதன்று. அண்ணாவின் ‘ஓர் இரவு’ நாடகத்தைக் கண்ட கல்கி, அவரைப் பெர்னாட் ஷாவோடு ஒப்பிட்டுப் புகழ்ந்ததைத் தமிழகம் அறியும். ஆகவே ஷாவுக்கு மேடை தந்த கொட்டகையின் கதை, நமக்கு அயலார் வீட்டுக் கதையாகத் தோன்ற வேண்டியதில்லை.

ஷாவின் நாடகங்கள் எல்லாமே தடையின்றி மேடை ஏறினவா? இல்லை! விபசாரத்துக்கு வேர் வறுமையிலும் முதலாளித்துவத்திலும் இருக்கிறது என்று காட்டி 1893இல் அவர் எழுதிய ‘திருமதி வாரனின் தொழில்’, 1925 வரையில் லண்டன் பொதுமேடையைக் காண இயலவில்லை. கொட்டகையை நடத்திய பார்க்கரின் சொந்த நாடகமே 1907இல் தடுக்கப்பட்டது. தடுத்தவர் யார்? பாராளுமன்றமா? வழக்கு மன்றமா? இல்லை. அரண்மனையின் உயர் அதிகாரி, லார்டு சேம்பர்லின்!

அரண்மனையின் பென்சில்

1737ஆம் ஆண்டு. வால்போல் என்னும் முதலமைச்சரை, பீல்டிங் போன்ற எழுத்தாளர்கள் மேடையிலே எள்ளி நகையாடினர். நகைப்பைத் தாங்க முடியாத ஆட்சி, சட்டத்தைத் தேடியது. இனி எந்த நாடகமும் அரண்மனை அதிகாரியின் அனுமதி பெற்ற பின்னரே மேடை ஏறலாம் என்று விதி பிறந்தது. நாடகத்தைப் பார்த்துவிட்டுத் தண்டிப்பதுகூட அன்று. எழுத்திலே இருக்கும்போதே வெட்டுவது! அரசரைப் பழிக்காதே, கடவுளைக் கேலி செய்யாதே, படுக்கையறையைப் பற்றிப் பேசாதே — இப்படி இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கில நாடகத்தின் கழுத்திலே தொங்கியது அந்தச் சுருக்குக் கயிறு.

அந்தக் கயிற்றின் நீளம் கடல் கடந்தது. வெள்ளையர் ஆட்சி 1876இல் இந்தியாவில் நாடக நிகழ்ச்சிச் சட்டத்தை இயற்றியது. வெள்ளையர் போன பிறகேனும் கயிறு அறுந்ததா? 1954இல் சென்னை மாகாணத்திலே புதிய நாடகச் சட்டம் வந்தது, எம்.ஆர். ராதாவின் நாடகங்களே அதன் குறி என்பதை நாடறியும். அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லா என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்வதற்கு 2013 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. லண்டனிலே கொட்டகைக்காரர்கள் நடத்திய போரின் அருமை, தடையுத்தரவைச் சுமந்து ஊர் ஊராகச் சென்ற கலைஞர்களைக் கண்ட நமக்குத்தான் நன்றாகப் புரியும்!

தோற்பதற்கும் உரிமை

இடையிலே கொட்டகை திரைப்படம் காட்டும் இடமாயிற்று. போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்கு இரையாகி மூடிக்கிடந்தது. 1956இல் ஜார்ஜ் டிவைன் என்னும் இயக்குநர், ஆங்கில நாடகக் குழுவுடன் அதில் குடியேறினார். அவரது கொள்கை எளியது. கொட்டகையின் நடுநாயகம் நடிகனும் அன்று, திரையும் அன்று, எழுத்தாளனே! புதிய எழுத்தாளனைத் தேடு. அவன் எழுதியதை வெட்டாமல் மேடையேற்று. வசூல் விழுந்தால் விழட்டும். தோற்பதற்கும் அவனுக்கு உரிமை உண்டு!

தோற்பதற்கும் உரிமை! இந்தச் சொற்றொடரை இளைஞர்கள் மனத்திலே பதித்துக்கொள்ள வேண்டும். வெற்றி பெற்றதையே மீண்டும் மீண்டும் காய்ச்சி ஊற்றுவது வியாபாரம். புதியதைச் சொல்லப் புறப்பட்டவன் இடறி விழலாம்; விழுந்தவனைத் தாங்கிப் பிடிக்க ஓர் இடம் இருந்தால்தான் அடுத்தவன் நடக்கத் துணிவான். சமாளித்த விதத்தையும் பாருங்கள். 1956இன் இறுதியிலே பதினேழாம் நூற்றாண்டு நகைச்சுவை நாடகம் ஒன்றை நடத்தினர், வசூல் குவிந்தது, அந்தப் பழைய நாடகம் ஈட்டிய பணம் புதிய எழுத்தாளர்களுக்குச் சோறு போட்டது. பழமையைக் கொண்டே புதுமையை வளர்த்த சாமர்த்தியம் அது.

ஜான் ஆஸ்பர்ன் என்னும் வேலையற்ற நடிகர், தேம்ஸ் ஆற்றிலே ஒரு படகு வீட்டில் வாழ்ந்து வந்தார். அவர் அனுப்பிய நாடகத்தைப் படித்த டிவைன், தாமே துடுப்புப் படகிலே சென்று அவரைக் கண்டார். எழுத்தாளன் கொட்டகையின் வாசலிலே கைகட்டி நிற்பது உலக வழக்கம். கொட்டகையே எழுத்தாளனைத் தேடி ஆற்றிலே இறங்கியது இங்கேதான்! 1956 மே 8ஆம் நாள் மேடையேறியது அந்த நாடகம் — ‘கோபத்தோடு திரும்பிப் பார்’. ஜிம்மி போர்ட்டர் என்னும் இளைஞன், கற்றவன், மிட்டாய்க் கடை வைத்துப் பிழைப்பவன், வாடகை அறையிலே அடைபட்டு, தன் நாட்டின் போலிப் பெருமையை எல்லாம் வசைபாடுகிறான். ஏடுகளின் விமர்சகர் பலர் முகம் சுளித்தனர். கென்னத் டைனன் மட்டும் இளைய தலைமுறையின் குரல் இது என்று உரக்கச் சொன்னார். சில மாதங்களுக்குப் பின் ஒரு பகுதி தொலைக்காட்சியிலே காட்டப்பட்டதும், கொட்டகைக்கு அதுவரை வந்தறியாத இளைஞர் கூட்டம் படையெடுத்தது. ‘கோபக்கார இளைஞர்’ என்ற பட்டமே இந்தக் கொட்டகையின் விளம்பரக்காரர் வாயிலிருந்து பிறந்ததுதான்.

பின்னாலேயே வந்தார் ஆர்னால்டு வெஸ்கர். லண்டன் கிழக்குப் பகுதித் தையல் தொழிலாளியின் மகன். சமையற்கூடத்திலே பலகாரம் சுட்ட கரங்கள். அவரது ‘சமையற்கூடம்’ 1959இல் ஒரு ஞாயிறு இரவிலே, காட்சி அலங்காரம் ஏதுமின்றி இங்கே நடிக்கப்பட்டது. உணவு விடுதியின் முன்புறத்தில் அமர்ந்து உண்பவரை மட்டுமே கண்டிருந்த நாடக மேடை, அடுப்படியிலே வேகும் மனிதனை அன்று கண்டது!

வழக்கு மன்றத்திலே

1965. எட்வர்டு பாண்டின் ‘காப்பாற்றப்பட்டவர்’ நாடகம் அனுமதிக்குச் சென்றது. தென் லண்டனில் வேலையும் நோக்கமும் அற்றுத் திரியும் இளைஞர்கள், பூங்காவிலே தள்ளுவண்டியில் கிடக்கும் குழந்தையைக் கல்லால் அடித்துக் கொல்லும் காட்சி அதிலே உண்டு. கொடுமையான காட்சி, மறுக்கவில்லை. ஆனால் அக்கொடுமை மேடையிலே பிறந்ததா, சமுதாயத்திலே பிறந்ததா? முகத்திலே புண் இருக்கக் கண்ணாடியை உடைப்பது எந்த ஊர் மருத்துவம்?

அதிகாரி அக்காட்சியை வெட்டச் சொன்னார். கொட்டகையார் மறுத்தனர். உறுப்பினர் மட்டுமே காணும் தனி மன்றம் என்று அறிவித்து நாடகத்தை நடத்தினர். வழக்கு வந்தது. லாரன்ஸ் ஒலிவியர் என்னும் மாபெரும் நடிகர் நாடகத்தின் சார்பிலே பேசினார். எனினும் 1966இல் குற்றம் குற்றமே என்று தீர்ப்பாயிற்று. வழக்குச் செலவைக் கட்ட நேர்ந்தது. அரசு தரும் கலை மானியம் இக்கொட்டகைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு கை பணம் தந்தது. மறு கை விலங்கு பூட்டியது!

டிவைன் அத்தீர்ப்பைக் காணவில்லை. 1965இலே, அனுமதி மறுக்கப்பட்டு அவ்வாறே தனி மன்றக் காட்சியாக நடந்த ஆஸ்பர்னின் வேறொரு நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தபோது அவர் மாரடைப்பால் சாய்ந்தார். 1966 ஜனவரியில் மறைந்தார். ஆனால் மூட்டிய தீ அணையவில்லை. 1968இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. அரண்மனை அதிகாரியின் பென்சில் முறிந்தது. அம்முறிவுக்கு உழைத்தவர் பலர். முன்வரிசையிலே நின்றது இந்தச் சிறு கொட்டகை.

வருவோர்க்கு என்ன கிடைக்கிறது?

இன்று அங்கே செல்பவனுக்குக் கொட்டகை என்ன தருகிறது? 2000ஆம் ஆண்டில் புதுப்பித்துத் திறந்த கட்டடம். சதுக்கத்தின் அடியிலே குடைந்து அமைத்த உணவுச்சாலை. தோல் தைத்த நல்ல இருக்கைகள். வசதிகள் இருக்கட்டும், நாம் பாராட்ட வேண்டியவை வேறு.

ஒன்று, நூல். நாடகத்தின் முழு வசனத்தையும் அச்சிட்டு, நிகழ்ச்சி மலருக்குப் பதிலாக மலிவு விலையிலே வாசலில் விற்கும் வழக்கம் இங்கே வேரூன்றியது. கேட்ட சொல்லை வீட்டிலே மறுபடி படிக்கலாம், சரிபார்க்கலாம், மறுக்கலாம். மயங்கிக் கைதட்டிவிட்டுப் போகும் ரசிகனை அது எடைபோடும் வாசகனாக்குகிறது. நாடகம் முடிந்ததும் கொட்டகை வாயிலிலே அரையணா, ஓரணாப் புத்தகங்களை விற்று வளர்ந்த இயக்கத்தாருக்கு இதன் வலிமையை விளக்க வேண்டியதில்லை.

இரண்டு, விலை. திங்கட்கிழமைக் காட்சிகளுக்குக் குறைந்த விலையிலே இருக்கைகளை அன்றன்று விற்கும் முறையை ஏற்படுத்தினர். ஓரத்திலே நின்று பார்க்கும் சில இடங்களைப் பல ஆண்டுகள் வெறும் பத்துப் பென்சுக்குக் கொடுத்தனர். தேநீர்க் காசுகூட அன்று அது.

மூன்று, திறந்த கதவு. பெயர் பெறாதவன் அனுப்பும் கைப்பிரதியையும் படித்துப் பார்ப்பதற்கென்றே ஆட்களை அமர்த்தினர். ஐம்பதுகளின் இறுதியிலே அவ்வாறு படித்தவர்களில் ஒருவர் நைஜீரிய இளைஞர் வோலே சோயிங்கா. 1986இல் நோபல் பரிசு பெற்றவர். தென்னாப்பிரிக்க நிறவெறியைத் தோலுரித்த ‘சிஸ்வே பான்சி இறந்துவிட்டான்’, 1973இல் இதன் மாடி அரங்கிலே நடிக்கப்பட்டது.

சென்னை சென்றது

அந்தத் திறந்த கதவின் வழியே 2007இல் சென்னையும் நுழைந்தது. சென்னையைச் சேர்ந்த அனுபமா சந்திரசேகர் எழுதிய ‘ஃப்ரீ அவுட்கோயிங்’ மாடி அரங்கிலே மேடையேறி, அடுத்த ஆண்டு கீழ் அரங்குக்கு இறங்கி வந்தது. இயக்கியவர் இந்து ரூபசிங்கம். ஈழத் தமிழ்ப் பெற்றோருக்கு இங்கிலாந்திலே பிறந்தவர். 2025இல் பிரிட்டனின் தேசிய நாடக அரங்கத்துக்கே தலைமை ஏற்றவர்.

கதை என்ன? பள்ளி மாணவி ஒருத்தியின் அந்தரங்கம் கைப்பேசியிலே படமாகி ஊரெங்கும் பரவுகிறது. செய்தியாளர்கள் வீட்டை முற்றுகையிடுகின்றனர், அக்கம்பக்கத்தார் ஒதுக்குகின்றனர், தாய் தவிக்கிறாள். அந்தப் பெண் மட்டும் மேடைக்கு வருவதே இல்லை! ஊரே அவளைப் பற்றிப் பேசுகிறது. அவளைப் பேசவிட எவரும் இல்லை. கற்பு என்னும் பெயரால் நாம் பெண்ணை எங்கே வைத்திருக்கிறோம் என்பதற்கு, அந்த வெற்றிடத்தைவிடக் கூரிய சாட்சி வேண்டுமா? கைப்பேசி புதிது, கல்லெறியும் கை பழையது!

மகிழ்கிறோம், கூடவே கேட்கிறோம். சென்னைப் பெண்ணின் துயரம், லண்டன் மாடியிலே ஆங்கிலத்தில் முதற்குரல் எழுப்ப நேர்ந்தது ஏன்? குற்றம் ஆசிரியருடையதன்று. புதிய எழுத்தாளனைத் தேடிப் படகேறும் கொட்டகை தமிழ் நாட்டிலே எத்தனை?

குறையும் கூறுவோம்

புகழ்ந்துவிட்டு எழுந்து போவது விமர்சனமாகாது. ஜிம்மி போர்ட்டரின் கோபத்தை மீண்டும் பாருங்கள். அவன் நாட்டைத் திட்டுகிறான், மேட்டுக்குடியைத் திட்டுகிறான். ஆனால் அடி விழுவது யார் மீது? மூலையிலே நின்று துணிக்கு இஸ்திரி போடும் மனைவி மீது! ஆண்டையைச் சாட முடியாதவன் அகமுடையாளைச் சாடுவது புரட்சியா? அக்கேள்விக்கு அதே மேடையில் விடை வரக் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1982இல் கேரில் சர்ச்சிலின் ‘டாப் கேர்ல்ஸ்’ பெண்ணை மூலையிலிருந்து நடு மேடைக்குக் கொணர்ந்தது. அதோடு நின்றதா? பதவி ஏறிய பெண், ஏழை அக்காளை மிதித்து ஏறினால் அது விடுதலைதானா என்றும் கேட்டது.

மற்றொரு குறை இன்னும் ஆழமானது. 2021இல் இங்கே நடக்கவிருந்த ஒரு நாடகத்திலே, பேராசை பிடித்த கோடீசுவரனுக்கு யூதப் பெயர் சூட்டியிருந்தார்கள். யூதன் என்றால் பணப்பேய் என்ற பழம்பழி, முற்போக்காளர் கூடாரத்திலேயே ஓசையின்றிப் படுத்திருந்தது! கண்டனம் எழுந்தது, கொட்டகையார் மன்னிப்புக் கேட்டு, பெயரை மாற்றினர். மறு ஆண்டே, இங்கிலாந்து யூதர் தம் அனுபவங்களைத் தம் சொற்களாலேயே கூறும் நாடகம் ஒன்றை மேடையேற்றினர்.

இதிலே நமக்குப் பாடம் உண்டு. அரண்மனை அதிகாரியின் பென்சிலை முறித்துவிடலாம். தன் மண்டைக்குள்ளே குடியிருக்கும் பழைய வெறுப்பை முறிக்க எந்தச் சட்டமும் உதவாது. முற்போக்கு என்பது ஒருமுறை வாங்கி மாட்டிக்கொள்ளும் பதக்கமன்று. நாள்தோறும் உரசிப் பார்க்க வேண்டிய பொன். தடை செய்ய எவரும் இல்லாத இடத்திலேதான் தன்னைத் தானே கேட்கும் பொறுப்பு கூடுகிறது. சாதியை ஒழிக்கப் புறப்பட்ட நாமும், நம் நாடகங்களிலே நகைச்சுவை என்ற பெயரால் எவரை இழிவுபடுத்துகிறோம் என்று எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

செல்வர் வாழும் செல்சியிலே இருந்துகொண்டு ஏழையின் கதையைப் பேசும் முரணும் இக்கொட்டகைக்கு உண்டு. பத்துப் பென்சு இடத்தைக் கொடுத்துவிட்டால் அந்தப் பள்ளம் தூர்ந்துவிடாது. ஆயினும், சீமான் வீட்டு வாசலிலே நின்று உண்மையைச் சொல்வதற்கும் துணிவு வேண்டுமல்லவா!

ஆகவே, நமது அளவுகோலை மீண்டும் எடுக்கிறோம். இருக்கைகள் 380. அங்கே பேசப்பட்டதோ, ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்றத் துணை நின்றது. இதைப் படிக்கும் தோழர்களில் எவரேனும் லண்டன் சென்றால், அரண்மனையைப் பார்க்குமுன் இந்த அரசவையைப் பாருங்கள். செல்ல இயலாதவர்கள் வருந்த வேண்டாம். ஊருக்கு ஒரு படிப்பகம் கண்டவர்கள் நாம். அந்தப் படிப்பகத்துத் திண்ணையிலே ஐம்பது பேர் அமரலாம். ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு போதும். புதிதாய் எழுதும் ஒரு தோழனோ தோழியோ போதும். முதல் நாடகம் தோற்கட்டும், அதற்கு உரிமை உண்டு. இரண்டாவதை எழுதச் சொல்லுங்கள்!